நடுவட்டத்துப் பட்டையும் கரூர் வலையும்

கரூர் என்றால் பஸ் பாடி கட்டுகிற ஊர், பெட்ஷீட்டும் திரைச்சீலையும் ஏற்றுமதி பண்ணுகிற ஊர்னு நமக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் மலேரியா தடுப்புக்காகத் தகுதி கொடுத்து வைத்திருக்கிற கொசுவலைகளின் பட்டியலை எடுத்துப் பாருங்க, அங்கேயும் கரூர் இருக்கு. ஜப்பானின் சுமிட்டோமோ, ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப், டென்மார்க்கில் பிறந்து சுவிட்சர்லாந்துக்குப் போன வெஸ்டர்கார்ட் மாதிரியான பெயர்களுக்கு நடுவில் கரூர் ஷோபிகா இம்பெக்ஸ், கரூர் வி.கே.ஏ. பாலிமர்ஸ் என்று இரண்டு பெயர்கள்.

இதே தமிழ்நாட்டில் 150 வருஷத்துக்கு முன்னால் இன்னொரு ஊரும் மலேரியாவோடு மல்லுக்கட்டியது. ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற வழியில் இருக்கிற நடுவட்டம். அங்கே மருந்து மரம் வளர்த்து, பட்டை உரித்து, பிறகு ஃபேக்டரி வைத்துக் கொயினா காய்ச்சினார்கள்.

இரண்டு ஊர்க் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. மலேரியா வரலாற்றை நாம் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகத்தான் படிக்கிறோம். ரொனால்ட் ராஸ், பால் முல்லர், தூ யூயூ என்று வரிசையாக நோபல் பரிசுகள். ஆனால் கண்டுபிடிச்சது ஒரு விஷயம். அது காய்ச்சலில் கிடக்கிற ஏழை வீட்டுக்குள் வந்து சேருவது வேற விஷயம். இரண்டாவதை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், எங்கே கோட்டை விட்டார்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

மலைக்காய்ச்சல்

எங்க செட்டியார்பட்டியிலிருந்து மேற்கே பார்த்தா தெரிகிற மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் பெரியாற்றுக் காடு. 1887 முதல் 1895 வரை பென்னிகுக் தலைமையில் அணை கட்டியது அங்கேதான். வெள்ளமும் காட்டு மிருகங்களும் படுத்திய பாட்டை எல்லாரும் பேசுவோம். வேலையாட்களை வாரிக்கொண்டு போனதில் காலராவும் மலேரியாவும் பெரிய பங்கு என்பதைக் குறைவாகத்தான் பேசுவோம். கோடைக் காய்ச்சல் காலம் வந்தால் கூலிகள் மலையில் நிற்கமாட்டார்கள், வேலை படுத்துவிடும். கீழே சமவெளியில் இருந்த சனங்கள் இதை மலைக்காய்ச்சல் என்றார்கள், குளிர்காய்ச்சல் என்றார்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதால் முறைக்காய்ச்சல் என்றும் சொன்னார்கள். மலைக்காற்றில்தான் ஏதோ இருக்குன்னு நம்பினார்கள். அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள்.

ராஸும் இந்த மலைக்காய்ச்சலில் மாட்டியவர்தான். 1897 கோடையில் ஊட்டிக்கு வந்தவர் சீகூர் பக்கம் கொசு தேடிப் போய் மலேரியாவோடு திரும்பினார். அதே வருஷம் ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் அனாஃபிலஸ் கொசுவின் குடலில் மலேரியாக் கிருமியைப் பார்த்தார். அதுவரை காரணம் தெரியாமலேதான் மருத்துவம் நடந்தது. காரணம் தெரியாவிட்டாலும் மருந்து இருந்தது. சின்கோனா மரத்தின் பட்டை, அதிலிருந்து எடுக்கும் குயினைன். நம்ம ஊர் வாய்க்கு அது கொயினா ஆயிற்று.

நடுவட்டம்: நல்ல நோக்கம், சுமாரான மரம்

சின்கோனா தென்னமெரிக்க ஆண்டீஸ் மலைகளின் மரம். பெரு, பொலிவியா, ஈக்வடார் நாடுகள் அதை வெளியே விட விரும்பவில்லை. பிரிட்டிஷ் இந்திய அரசு 1859-60ல் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் என்பவரை அனுப்பி விதையும் நாற்றும் எடுத்து வரச் செய்தது. ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் சேகரித்த சிவப்புப் பட்டை விதைகள் ஊட்டிக்கு வந்து சேர்ந்தன. அரசுத் தோட்டப் பொறுப்பில் இருந்த வில்லியம் கிரஹாம் மக்ஐவர் அவற்றை முளைக்க வைத்தார். தொட்டபெட்டா, பைக்காரா, நடுவட்டம் என்று தோட்டங்கள் பரவின.

மக்ஐவர் கைத்தொழில்காரரின் மூளை உள்ளவர். மரத்தை வெட்டாமல் பட்டையை நீளவாக்கில் கீற்றுக் கீற்றாக உரித்து, காயத்தின் மேல் ஈரப் பாசியை வைத்துக் கட்டினார். புதுப் பட்டை வளர்ந்தது. அதில் மருந்துச் சத்து முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. தங்க முட்டையிடும் வாத்தை அறுக்காமலே முட்டை எடுக்கிற வழி.

நோக்கமும் நல்லதாகத்தான் தொடங்கியது. ஐரோப்பியச் சிப்பாய்க்கு மட்டும் இல்லாமல் கிராமத்துக் குடியானவனுக்கும் கட்டுப்படியாகிற காய்ச்சல் மருந்து வேண்டும் என்று அதிகாரிகள் எழுதினார்கள். சின்கோனாப் பட்டையில் குயினைன் தவிர இன்னும் மூன்று முக்கிய ஆல்கலாய்டுகள் உண்டு. அவை வேலை செய்யுமா என்று பார்க்க 1866ல் சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்று இடத்திலும் குழு போட்டுச் சோதித்தார்கள். நான்குமே கிட்டத்தட்ட ஒரே மாதிரி காய்ச்சலை அடக்குகின்றன என்று முடிவு வந்தது. இன்றைய பாஷையில் சொன்னால் அது ஒரு கிளினிக்கல் ட்ரையல். ஜான் பிராட்டன் என்ற வேதியியலாளரை நீலகிரிக்கே கொண்டுவந்து, மலிவான கலவை மருந்து தயாரிக்கப் பார்த்தார்கள். அவர் 1874ல் விலகினார். நடுவட்டத்தில் முறையான அரசு கொயினா ஃபேக்டரி 1880களின் பிற்பகுதியில்தான் வந்தது.

வேலை செய்தவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ், கன்னடக் கூலிகளோடு, மலேயாவின் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் தண்டனை பெற்று இங்கே அனுப்பப்பட்ட சீனக் கைதிகளும் இருந்தார்கள். அவர்களை அடைத்து வைத்த நடுவட்டம் ஜெயில் கட்டடம் இன்றும் நிற்கிறது. நோயிலிருந்து மீட்கும் மருந்தைக் கைவிலங்கோடு வந்தவர்கள் வளர்த்தார்கள்.

இப்போது கதை திரும்புகிற இடம். 1865ல் சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரி பொலிவியாவிலிருந்து ஒரு புதுவகைச் சின்கோனா விதையை லண்டனுக்கு அனுப்பினார். அதைக் கண்டுபிடித்துச் சேகரித்தவர் அவரிடம் வேலை பார்த்த ஐமாரா இனத்தவர், மனுவேல் இன்க்ரா மமானி. எந்த மரத்தின் பட்டையில் சத்து அதிகம் என்பது அவர் கண்ணுக்குத் தெரியும். பிற்பாடு விதை கடத்திய குற்றத்துக்காகச் சிறையில் அடித்து நொறுக்கப்பட்டு, அதனாலேயே செத்தார்.

பிரிட்டிஷ் அரசு அந்த விதையை வாங்கவில்லை. கையில்தான் ஏற்கெனவே மரம் இருக்கே! டச்சு அரசு ஒரு பவுண்டு அளவு வாங்கி ஜாவாவுக்கு அனுப்பியது. மீதியை இந்தியாவில் தோட்டம் வைத்திருந்த ஓர் ஆங்கிலேயர் வாங்கி, அரசுத் தோட்டத்தில் கொடுத்துவிட்டு, பதிலுக்குப் பழகிய சிவப்புப் பட்டை விதையை வாங்கிக்கொண்டார். தங்கத்தைக் கொடுத்துப் பித்தளை வாங்கிய வியாபாரம்.

ஜாவாவில் அந்த விதை ஆயிரக்கணக்கான மரமாயிற்று. பட்டையைச் சோதித்தபோது சிவப்புப் பட்டையைவிடப் பல மடங்கு குயினைன். டச்சுக்காரர்கள் அதோடு நிற்கவில்லை. சத்து அதிகமுள்ள மரங்களை மட்டும் தேர்ந்து விதையெடுத்து, ஒட்டுக்கட்டி, தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தினார்கள். 1880களில் இலங்கைத் தோட்டக்காரர்கள் சந்தையில் பட்டையைக் கொட்ட விலை சரிந்தது. அங்கேயும் இங்கேயும் சின்கோனாவைப் பிடுங்கித் தேயிலை போட்டார்கள். தாக்குப்பிடித்தது ஜாவா. 1913ல் ஆம்ஸ்டர்டாமில் கினா பீரோ என்ற கூட்டமைப்பு வந்தது. விளைவிப்பவரும் காய்ச்சுபவரும் சேர்ந்து உலக விலையைக் கட்டுப்படுத்தினார்கள். 1930களில் உலகக் கொயினாவுக்கான பட்டையில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவுடையது.

நடுவட்டம் வீணாகப் போச்சு என்று சொல்லமாட்டேன். வங்காளத்தில் டார்ஜிலிங் பக்கம் மங்பூ, இங்கே நடுவட்டம், இரண்டும் அரசு மருத்துவமனைகளுக்குக் கொயினா கொடுத்தன. 1892ல் வங்காளத்தில் தொடங்கி, தபால் ஆபீஸிலேயே காசுக்கொரு பொட்டலம் கொயினா விற்றார்கள். மருந்துக்கடை இல்லாத ஊரிலும் தபால்காரர் உண்டு. அந்த யோசனையை எந்த மேனேஜ்மெண்ட் புத்தகத்திலும் போடலாம். ஆனால் பொட்டலத்துக்குள் போட வேண்டிய சரக்கு நாட்டின் தேவைக்குக் கிட்டே கூட வரவில்லை.

அதற்கான விலையை 1942ல் கட்டினோம். மார்ச் மாதம் ஜாவா ஜப்பானிடம் விழுந்தது. கொயினா வரத்து நின்றது. இருந்ததெல்லாம் முதலில் படைகளுக்குப் போனது. அடுத்த வருஷம் வங்காளப் பஞ்சம். பசியில் மெலிந்த உடம்புகளில் மலேரியா புகுந்தது. அந்தப் பஞ்சத்தில் செத்தவர்களில் மிகப் பெரும் பங்கை எடுத்தது மலேரியாதான். நல்ல விதை கைக்கு வந்து அதைத் தவறவிட்டதன் கணக்கு சில இடங்களில் எண்பது வருஷம் கழித்துத்தான் வருகிறது.

வேதியியல் கம்பெனிகளின் காலம்

மரத்தை நம்பாமல் மருந்து செய்ய ஜெர்மானியர்கள் முன்னமே முயன்றார்கள். பேயர் கம்பெனியில் 1934ல் ஹான்ஸ் ஆண்டர்சாக் ரெசொக்கின் என்ற மருந்தைத் தயாரித்தார். நச்சு அதிகம் என்று கம்பெனியே அதை அலமாரியில் வைத்துவிட்டது. போர்க் காலத்தில் அமெரிக்கர்கள் திரும்ப எடுத்துச் சோதித்தபோதுதான் அது அருமையான மருந்து என்று தெரிந்தது. அதுதான் குளோரோகுயின். சுவிட்சர்லாந்தின் கெய்கி கம்பெனியில் பால் முல்லர் 1939ல் டிடிடியின் பூச்சிக்கொல்லும் தன்மையைக் கண்டார். 1948ல் நோபல் பரிசு.

சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்பது அன்றைய மதிப்பீடு. 1953ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1954ல் இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவாகி, டெல்லியிலும் பிறகு கேரளத்து உத்தியோகமண்டலிலும் டிடிடி தயாரித்தது. நடுவட்டத்தில் தவறவிட்டதை இந்த முறை தவறவிடவில்லை. இறக்குமதியை மட்டும் நம்பாமல் சரக்கை இங்கேயே செய்தோம். சுவரில் வெள்ளையாகப் படியும் அந்த மருந்தை அடிக்க வந்த ஆட்களை நம்ம அப்பா, தாத்தா தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும். 1965 வாக்கில் நோயாளிகள் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தார்கள்.

அதோடு முடிந்தது என்று நினைத்துக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்ததுதான் பிசகு. கொசு டிடிடியைத் தாங்கப் பழகியது. பணமும் கவனமும் வேறு பக்கம் போயின. 1976ல் எண்ணிக்கை 64 லட்சத்துக்கு மேல். புரொடக்‌ஷனில் ஒரு பக் கொஞ்ச நாள் வரவில்லை என்றதும் மானிட்டரிங்கையே அணைத்து வைத்த மாதிரி.

வலைக்குள் மருந்து

கொசுவலை பழைய சங்கதி. சாதாரண வலையில் ஒரு கிழிசல் போதும், உடம்பு வலையில் ஒட்டிப் படுத்தாலும் போதும், கொசு குடித்துவிடும். 1970களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழு பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லிகளை உருவாக்கியது. செவ்வந்தி இனத்துப் பைரித்ரம் பூவில் உள்ள நஞ்சைப் பார்த்துச் செய்த செயற்கை வடிவம். மனுஷனுக்கு ஆபத்து குறைவு, கொசுவுக்கு எமன். வலையை இதில் முக்கிக் காயவைத்துக் கட்டினால், தொடும் கொசு சாகும். வலைக்குள் தூங்குகிறவர் மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொசு குறையும்.

ஆப்பிரிக்காவில் சோதனைகள் நன்றாக வந்தன. நடைமுறையில் ஒரு சிக்கல். ஆறு மாதம், ஒரு வருஷத்துக்கு ஒருமுறை வலையைத் திரும்ப மருந்தில் முக்க வேண்டும். யார் முக்குவார்கள்? சாஃப்ட்வேரில் இருக்கிற எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும்: யூசர் கையால் அப்டேட் போட வேண்டும் என்றால் பாதிப்பேர் போடமாட்டார்கள். அது அவர்கள் சோம்பல் கிடையாது, டிசைனின் குற்றம்.

தீர்வு வந்தது கம்பெனிகளிடமிருந்து. ஜப்பானின் சுமிட்டோமோ கெமிக்கல் பாலிஎத்திலீன் நூலுக்குள்ளேயே பெர்மெத்ரினைக் கலந்தது. மேலே துவைத்தால் போகும், உள்ளேயிருந்து மெல்ல மெல்ல மறுபடி கசிந்து மேலே வரும். ஒலிசெட் என்ற அந்த வலைக்கு 2001ல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை கிடைத்தது. வெஸ்டர்கார்ட் பாலியெஸ்டர் வலையின் மேல் மருந்தைப் பிசின் போல ஒட்டவைக்கும் வழியில் போனது. சுமிட்டோமோ தன் தொழில்நுட்பத்தை ராயல்டி வாங்காமல் தான்சானியாவின் அருஷா நகரத்து ஏ டு இசட் மில்லுக்குக் கொடுத்தது. 2003ல் அங்கே உற்பத்தி தொடங்கியது.

இதற்கு வைத்த அளவுகோல் எளிமையானது. இருபது முறை துவைத்த பிறகும் கொசுவைக் கொல்ல வேண்டும். வீட்டு உபயோகத்தில் மூன்று வருஷம் தாங்க வேண்டும்.

கரூர்

பாலிஎத்திலீன் ஒற்றை இழை நூலும் அதில் பின்னும் வலையும் கரூருக்குப் புதிதில்லை. கைத்தறி, விசைத்தறிப் பழக்கம் உள்ள ஊர், சாதாரணக் கொசுவலை பின்னி நாடு முழுக்க விற்றுக்கொண்டிருந்தது. நெசவும் மருத்துவமும் சேருகிற இடம் தமிழ்நாட்டில் இது ஒன்றுதான் என்றும் இல்லை. எங்க ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகளில் ஓடுவது ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி. அதனால் கரூர்க்காரர்கள் மருத்துவச் சரக்குக்குள் போனது எனக்கு ஆச்சரியமில்லை. எவ்வளவு தூரம் போனார்கள் என்பதில்தான் ஆச்சரியம்.

வேலை இப்படி நடக்கும். பாலிஎத்திலீன் குருணையோடு ஆல்ஃபா சைபர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த குருணையைச் சேர்த்து உருக்குவார்கள். சின்னத் துளைகள் வழியாக இழையாகத் தள்ளி, தண்ணீரில் குளிர்வித்து, இழுத்து நீட்டிச் சுற்றுவார்கள். இழுக்கும் அளவில்தான் நூலின் பலம். பிறகு பின்னல் இயந்திரத்தில் வலையாகும். சூட்டில் கண்களை நிலைப்படுத்தி, வெட்டி, தைத்து, பேல் கட்டுவார்கள். சூடு கொஞ்சம் கூடினால் மருந்து சிதையும். கலவை சீராக இல்லாவிட்டால் ஒரு வலை கொல்லும், அடுத்தது கொல்லாது. கசிவு வேகமாக இருந்தால் ஒரு வருஷத்தில் தீர்ந்துபோகும். மெதுவாக இருந்தால் துவைத்த பின் மேற்பரப்பில் மருந்தே இருக்காது. ஒரு கிலோ வலையில் இருக்கவேண்டிய மருந்து ஆறு கிராமுக்கும் குறைவு. அதைக் கோடிக்கணக்கான வலைகளில் ஒரே மாதிரி கொண்டுவருவதுதான் இந்தத் தொழிலின் வித்தை.

ஷோபிகா அமெரிக்காவின் கிளார்க் நிறுவனத்தோடு சேர்ந்து கொண்டுவந்த டியூராநெட் 2007ல் உலக சுகாதார நிறுவனத்தின் பூச்சிக்கொல்லி மதிப்பீட்டுக் குழு முன் வந்தது. வி.கே.ஏ. பாலிமர்ஸின் மேக்நெட் 2011ல் வந்தது. அதாவது முதல் பரிந்துரை ஜப்பானுக்குக் கிடைத்துப் பத்து வருஷத்துக்குள் கரூரில் இரண்டு கம்பெனி.

அதற்குள் ஆப்பிரிக்கக் கொசுக்கள் பைரித்ராய்டையும் தாங்கப் பழகிவிட்டன. கொசுவின் உடம்பில் உள்ள சில நொதிகள் நஞ்சை உடைத்துப் போடுகின்றன. அந்த நொதிகளை முடக்க வலையில் இன்னொரு பொருள் சேர்த்தார்கள்: பிபிஓ என்கிற பைப்பரோனில் பியூட்டாக்சைடு. இதன் பூர்வீகம் சுவாரசியமானது. 1940ல் பைரித்ரத்தோடு நல்லெண்ணெய் சேர்த்தால் அதன் வீரியம் கூடுகிறது என்று கண்டார்கள். எள்ளில் உள்ள ஒரு பொருளின் வேலை அது. அந்த வேதி அமைப்பின் வழியில் தேடிப்போய் 1940களின் பிற்பகுதியில் உருவாக்கியதுதான் பிபிஓ. வி.கே.ஏ.வின் வீராலின் என்ற பிபிஓ வலை 2016ல் மதிப்பீட்டுக்கு வந்தது. ஷோபிகாவும் டியூராநெட் பிளஸ் கொண்டுவந்தது. ஆக, கரூர் வெறுமனே பழைய டிசைனைக் காப்பி அடித்துக்கொண்டிருக்கவில்லை. கொசு மாற மாற அதுவும் வெர்ஷன் மாற்றியது.

வலை செய்த வேலை

2004லிருந்து 2022 வரை உலகம் முழுவதும் கம்பெனிகள் அனுப்பிய மருந்து வலைகள் ஏறக்குறைய 290 கோடி. அதில் 250 கோடி சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவுக்கு. 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தவிர்க்கப்பட்ட மலேரியா நோய்கள் 66 கோடிக்கு மேல் என்றும், அதில் 68 சதவீதம் வலையால் என்றும் 2015ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. மாத்திரையும் சுவரில் அடிக்கும் மருந்தும் மீதியைப் பங்கு போட்டுக்கொண்டன.

நம்ம நாட்டு உதாரணம் ஒடிசா. இந்தியாவின் மலேரியாவில் பெரும்பங்கு சுமந்த மாநிலம். 2017ல் சுமார் ஒரு கோடிக்கு மேற்பட்ட வலைகளைக் கொடுத்தார்கள். கூடவே காட்டுக்குள் இருக்கிற ஊர்களில் காய்ச்சல் இருக்கோ இல்லையோ எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை அட்டை வைத்துப் பார்த்து, கிருமி இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். அடுத்த ஒரே வருஷத்தில் நோயாளி எண்ணிக்கை எண்பது சதவீதத்துக்கு மேல் குறைந்தது. வலை மட்டும் செய்த வேலை இல்லை. ஆனால் வலை இல்லாமல் நடந்திருக்காது.

வாங்குபவர் யார்?

இந்த வியாபாரத்தின் விசித்திரம் இங்கே இருக்கிறது. ஒரு வலையின் விலை சுமார் இரண்டு டாலர். அதன் கீழே தூங்குகிறவர் அதை வாங்குவதில்லை. வாங்குவது குளோபல் ஃபண்ட், யுனிசெஃப், அமெரிக்க அரசின் மலேரியாத் திட்டம், அல்லது அந்தந்த நாட்டு அரசு. டெண்டர், தகுதிப் பட்டியல், மொத்த விலை. ஒரு காசு குறைத்தவனுக்கு ஆர்டர்.

இதில் நல்லதும் உண்டு. மொத்தமாக வாங்கும் ஆள் இருந்ததால்தான் கரூரில் ஒருத்தர் தைரியமாக இயந்திரம் போட முடிந்தது. நடுவட்டத்துக்கு அப்படி வாங்குபவர் இல்லை. மாகாண அரசே விளைவித்து, அரசே காய்ச்சி, கணக்கில் நஷ்டம் வரக்கூடாது என்றும் பார்த்தது. ஏழைக்காக என்று தொடங்கிய தோட்டம் லண்டன் ஏலத்தில் பட்டை விற்று வரவு காட்ட வேண்டியிருந்தது.

கெட்டதும் உண்டு. வாங்குபவர் ஒருநாள் கையை எடுத்துவிட்டால்? 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது பல நாடுகளில் மலேரியாத் திட்டங்கள் தடுமாறின. வலை மூன்று வருஷச் சரக்கு. இந்த வருஷம் போகாத வலையின் விளைவு இரண்டு மழைக்காலம் கழித்துக் குழந்தைகள் வார்டில்தான் தெரியும். இன்னொன்று, மலிவாகக் கொடு என்று மட்டும் கேட்கிற டெண்டரில், நான்கு வருஷம் தாங்குகிற கெட்டி வலைக்குக் கூடுதல் காசு கிடைப்பது கடினம். பிறகு வலை சீக்கிரம் கிழிகிறதே என்று யாரை நோவது?

நம்ம கிணற்றுக் கொசு

இன்னொரு பக்கத்திலிருந்து ஆபத்து கிளம்பியிருக்கு. தமிழ்நாட்டில் மலேரியா பெரும்பாலும் நகரத்து நோய். சென்னையில் அதைப் பரப்புவது அனாஃபிலஸ் ஸ்டீஃபன்ஸி. கிணறு, மொட்டைமாடித் தொட்டி, கட்டட வேலை நடக்கிற இடத்துத் தண்ணீர், இவைதான் அதன் பண்ணை. கிணற்றில் கம்பூசியா மீன் விடுவதும் தொட்டிக்கு மூடி போடச்சொல்லிக் கார்ப்பரேஷன் ஆட்கள் வீடு வீடாக ஏறுவதும் இதற்காகத்தான். அப்படிப் பொறுமையாகச் செய்த வேலையால் மாநிலத்தின் எண்ணிக்கை இன்று வருஷத்துக்குச் சில நூறுக்கு இறங்கியிருக்கிறது.

தெற்காசியாவின் இந்தக் கொசு 2012ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி துறைமுக நகரத்தில் தலைகாட்டியது. அந்த வருஷம் அந்தக் குட்டி நாட்டில் 27 பேருக்கு மலேரியா. 2020ல் 73,000க்கு மேல். அப்புறம் எத்தியோப்பியா, சூடான் என்று நகரம் நகரமாகப் போகிறது. 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கியது. அதே வருஷக் கடைசியில் மன்னாரில் ஸ்டீஃபன்ஸி கிடைத்தது. மலேரியா மறுபடி அங்கே வேரூன்றாமல் காத்து வருகிறார்கள்.

ஆப்பிரிக்காவின் பழைய கொசு நள்ளிரவில் வீட்டுக்குள் வந்து கடிப்பது. வலை அதற்காகச் செய்தது. ஸ்டீஃபன்ஸி அந்தியிலேயே, வெளியிலேயும் கடிக்கும். அப்போது யாரும் வலைக்குள் இருப்பதில்லை. நம்ம ஊர் வலை போன இடத்துக்கு நம்ம பக்கத்துக் கொசுவும் போய்விட்டது. அங்கே வேண்டியது இன்னும் நல்ல வலை மட்டுமில்லை, தொட்டிக்கு மூடியும் கிணற்றுக்கு மீனும். அந்தப் பாடம் சென்னை மலேரியாத் துறையிடம் பல வருஷமாக இருக்கிறது. அதைப் பேக் பண்ணி ஏற்றுமதி செய்யத்தான் கம்பெனி இல்லை.

தடுப்பூசியிலும் அதே பாதை

இப்போது தடுப்பூசிகள் வந்துவிட்டன. ஜிஎஸ்கே கம்பெனி 1980களிலிருந்து உருட்டிய ஆர்டிஎஸ்-எஸ் 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை பெற்றது. அதன் தயாரிப்பு உரிமை ஹைதராபாத்தின் பாரத் பயோடெக்குக்கு மாறிக்கொண்டிருக்கிறது. 2028க்குள் ஒரு டோஸ் ஐந்து டாலருக்குக் கீழே வரும் என்று இரண்டு கம்பெனிகளும் அறிவித்திருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு உருவாக்கிய ஆர்21 தடுப்பூசிக்கு 2023 அக்டோபரில் பரிந்துரை. அதைச் செய்வது புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட், விலை இரண்டிலிருந்து நான்கு டாலர், வருஷத்துக்குப் பத்துக் கோடி டோஸ் செய்யும் வசதி.

கவனிச்சீங்களா? ஆக்ஸ்ஃபோர்டு, புனே. ஜப்பான், கரூர். கண்டுபிடித்தது ஓரிடம், கோடிக் கணக்கில் மலிவாகச் செய்தது இன்னோரிடம். சிலர் இதைக் குறையாகப் பேசுவார்கள்: நாம் ஏன் கண்டுபிடிக்கவில்லை, வெறும் உற்பத்திதானே என்று. நடுவட்டத்துக் கதை தெரிந்தவர் அப்படிப் பேசமாட்டார். அங்கே மரம் இருந்தது, சோதனை இருந்தது, மக்ஐவரின் பாசி வைத்தியம் இருந்தது, தபால் ஆபீஸ் பொட்டலம்கூட இருந்தது. இல்லாமல் போனது நல்ல சரக்கைத் தேவையான அளவுக்கு, தேவையான விலையில் தொடர்ந்து செய்யும் திறமை. அது ஜாவாவில் இருந்தது. அதனால் 1942ல் ஜாவா விழுந்தபோது இங்கே ஆட்கள் செத்தார்கள்.

அந்தத் திறமை இப்போது கரூரில் இருக்கிறது. அதைக் கட்டியவர்களில் கம்பெனி முதலாளிகள் மட்டுமில்லை. உருக்கும் சூட்டை அளந்தவர், இழை அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போட்டவர், ஷிஃப்ட் முழுக்கத் தைத்த பெண்கள் எல்லாரும் உண்டு. நடுவட்டத்தைப் பற்றி பிரிட்டிஷ் அதிகாரிகள் வருஷம் தவறாமல் அறிக்கை எழுதி வைத்ததால் இன்று நம்மால் அதன் கதையைச் சொல்ல முடிகிறது. அதிலும் சீனக் கைதிகளின் குரல் இல்லை. கரூர் வலையின் கதையை, அதைப் பின்னியவர்களின் வாயால், அவர்கள் இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். கரூரில் உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது அந்தத் தறிகளில் வேலை பார்த்திருந்தா, உட்கார்ந்து கேளுங்க. ஃபோனில் ரெக்கார்ட் பண்ணினாலே போதும்.